மாமா தேறும் என்று சொன்ன இடம்

சிறுசேரி அலுவலகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு நீலப் பட்டை கிடக்கிறது. கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் வாங்கியதும் மணிக்கட்டில் சுற்றி ஒட்டிவிடுவார்களே, அந்தக் காகிதப் பட்டை. வெயில் பட்டு வெளுத்து, எழுத்தெல்லாம் அழிந்துபோய், பார்ப்பவர்களுக்குக் குப்பை. போன வாரம் எங்கள் குழுவின் வாட்ஸப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மகாபலிபுரம் ரோட்டுல அந்தத் தீம் பார்க் ரிசார்ட்ல தண்ணிக்கரை ஓரமா ஒரு ஏரியா இருக்காமே, ஃபேமிலியோட போனா வொர்த்தா?" ஆளுக்கொரு பதில் போட்டார்கள். ஒருத்தர் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும் என்றார், ஒருத்தர் சாயங்காலம் லைட் போட்டால் சூப்பர் என்றார். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. அந்த இடம் தேறுமா தேறாதா என்ற ஒரே கேள்வியில் என் அக்காவின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த நாட்கள் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

பட்டை என் மாமாவுடையது. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கருங்குழியில் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, மேல்மருவத்தூர், திருப்பதி என்று ஊரில் யார் எங்கே புறப்பட்டாலும் முதலில் மாமாவிடம்தான் வந்து நிற்பார்கள். வண்டிக்காக மட்டுமில்லை. "அங்க போலாமா?" என்று கேட்பதற்காகவும்தான். மாமா வளவளவென்று பேச மாட்டார். "தேறும்", இல்லாவிட்டால் "தேறாது". அவ்வளவுதான் தீர்ப்பு. ஒரு இடத்தில் கக்கூஸ் எப்படி இருக்கிறது, வயதானவர்கள் உட்கார நிழல் உண்டா, வண்டியை எங்கே விடுவது, இந்த மூன்றைத்தான் பார்ப்பார். மலையும் கடலும் அவருக்கு அப்புறம்தான். அம்மா போன பிறகு எங்கள் வீட்டு விஷயங்களிலும் அவர் வாக்குதான் செல்லும். அப்பா யார் பேச்சையும் கேட்காத மனுஷன், மச்சான் பேச்சை மட்டும் தட்ட மாட்டார்.

அக்கா ஊரப்பாக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கூட வேலை பார்த்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அவர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். நாங்களோ ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். எங்கள் அப்பா குதியோ குதி என்று குதித்தார். மாதக்கணக்கில் அக்காவோடு பேசவே இல்லை. கடைசியில் மாமா பேசிப் பேசிக் கரைத்ததில் ஒரு படி இறங்கி வந்தார். "அந்தப் பையனோட அப்பன ஒரு வாட்டி பாக்கறேன். ஆனா அவங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அவங்களும் இங்க வரக் கூடாது. பொதுவா ஒரு எடம் சொல்லு." அக்கா அன்றைக்கே என்னிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இது ஒண்ணுதான்டி. இதுவும் நடக்கலன்னா நான் யாரையும் கட்டிக்கப் போறதில்ல, வீட்டுக்கும் வரப்போறதில்ல." அவள் வெறும் வாய்க்குச் சொல்கிறவள் இல்லை.

வீடு வேண்டாம் என்று அப்பா சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவாகாத சம்பந்தத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். வீடு என்று போனால் காப்பியை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் அவமானம், வாங்கிக் குடித்தால் முடிந்தது கதை. கோயில் என்றால் சாமி சாட்சியாகிவிடும் என்று அதையும் தள்ளிவிட்டார். ஓட்டல் என்றால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். கடைசியில் மாப்பிள்ளைப் பையன் சொன்ன இடம்தான் அந்த ரிசார்ட்டின் தண்ணிக்கரை. அப்பா மாமாவைப் பார்த்தார். "நீ போய் பாத்துட்டு வா. தேறும்னா வரேன். தேறாதுன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ரணும்." துணைக்கு நான் போனேன்.

செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். அந்த வாசலில் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளை, எத்தனை குடும்பங்களை இறக்கிவிட்டவர்! ஆனால் டிரைவர்களுக்குப் பார்க்கிங்தானே எல்லை. வேன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பாரே தவிர, ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. பட்டையைக் கையில் ஒட்டியபோது கூச்சத்தோடு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா, கைதிக்கு வெலங்கு மாட்ற மாரி மாட்றானுங்க" என்றார். நான் சிரித்தேன். உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது.

உப்பங்கழி ஓரமாகப் பலகை பாவி, மணல் கொட்டி, வரிசையாகக் கடைகள். தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு மேடை. அன்னப்பறவை உருவத்தில் மிதிபடகுகள். பாட்டென்றால் பாட்டு, நெஞ்செலும்பு அதிர்கிற பாட்டு. நீச்சல் குளத்திலிருந்து எழுந்து வந்த ஜனங்கள் அரை டிராயரோடு சொட்டச் சொட்ட நடக்கிறார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் "ப்ச்". "உங்கப்பன் இத்த பாத்தான்னா வாசல்லியே திரும்பிடுவான்." ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. "ப்ச்." மேடைக்கு எதிரே படிக்கட்டு. "ப்ச்." அந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் என் அக்கா ஒரு அடி தள்ளித் தள்ளிப் போவது போல எனக்கு இருந்தது. "மாமா, வேணும்னா பாட்டக் கொறைக்கச் சொல்லலாம்" என்றேன். "எவன்டி உனக்காகக் கொறப்பான்?" என்று எரிந்து விழுந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பீக்கரைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருப்பேன்.

படகுத்துறையையும் தாண்டி, பலகை நடைபாதை முடிகிற இடத்தில், ஒரு புங்கமரத்தடியில் நீளமான மர பெஞ்சு ஒன்று கிடந்தது. தண்ணீரைப் பார்த்து. பாட்டுச் சத்தம் அங்கே பாதிதான் கேட்டது. மாமா போய் ஒரு முனையில் உட்கார்ந்தார். என்னை அடுத்த முனையில் உட்காரச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். தூரத்தில் ஒரு கொக்கு நின்றிருந்தது.

"எதுருக்கு எதுரு உக்கார வெச்சா ரெண்டு அப்பனுங்களும் மொறச்சிக்குவானுங்க" என்றார் கடைசியில். "இங்க உக்காந்தா தண்ணியத்தான் பாத்துகினு இருக்கணும். பேசாத போனாலும் அசிங்கமில்ல. அது கீதே, அதான் வேணும்." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "தேறும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளாமல் கக்கூஸ் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, எமகண்டம் தொடங்குவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. மாமா இரண்டு தரப்புக்கும் ஒரே கண்டிஷன் போட்டிருந்தார்: பேச்சு முடிகிறவரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட. யாரும் நீட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை. அப்பா காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லியை டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டார், அவர்கள் வருவதற்குள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம் என்று. வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி, வெளிச் சாப்பாடு கூடாது என்று டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அப்பா டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மாத்திரை போட்டதை எங்களிடம் சொல்லவே இல்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் வியாதி பேச வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், வீம்பு பிடித்த மனுஷன்.

அவர்கள் முன்னாடியே வந்து காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெயிலில் காய்ந்த கறுத்த முகம், பெரிய கைகள். "வாங்க" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் நானும் அக்காவும் மாமாவும். கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். தண்ணீரைப் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மேடையில் யாரோ மைக்கில் குழந்தைகளை ஆடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்துவிடும் போலிருந்தது. ஒரு தடவை மாப்பிள்ளையின் அப்பா, "காத்து மாறிகினு கீது, நாளைக்கு மழ வரும்" என்றார். அப்பா, "வந்தா நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான். எமகண்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டுவதைப் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி வேர்க்குமா? முழங்கால்மேல் வைத்திருந்த கை நடுங்கியது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஐயோ மாமா, அப்பாவுக்குச் சக்கரை எறங்குது!" மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை ஜூஸ் கடைக்கு ஓடினார். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பூங்கா கார்டு வாங்கி அதில் முதலில் பணம் ஏற்றினால்தான் கொடுப்பார்களாம். பக்கத்தில் இருந்தது பஞ்சு மிட்டாய் வண்டி ஒன்றுதான். மாமா கெஞ்சினாரோ மிரட்டினாரோ, ஒரு பெரிய ரோஸ் நிறப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். "துன்னு மச்சான்." அப்பா தலையை ஆட்டினார். "வேணாம். பேச்சு முடியல." உதடு வெளிறிப்போய்விட்டது, அப்போதும் வேணாம்! எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மாமா அந்தப் பஞ்சு மிட்டாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட கண்டிஷனை அவராலேயே உடைக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். அப்பாவிடம் நிதானமாகச் சொன்னார்: "நாங்க திரும்பிக்கறோம். நீங்க துன்னுங்க. இத்த நாங்க கணக்குல வெக்க மாட்டோம். பொண்ண குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். உசுரு முக்கியம்." சொல்லிவிட்டு அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அவர் மனைவியைப் பார்த்து ஒரு கையசைப்பு. அந்த அம்மாள் திரும்பிக்கொண்டார். ஜூஸ் கிடைக்காமல் ஓடி வந்த மாப்பிள்ளை, ஒன்றும் புரியாமல், அவரும் திரும்பி நின்றார். ஒரு குடும்பம் முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. எங்கள் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை அதற்கு முன்னும் யாரும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அப்பா பஞ்சு மிட்டாயைப் பிய்த்து வாயில் போட்டார். இன்னொரு வாய். இன்னொரு வாய். வெள்ளை மீசையில் ரோஸ் நிறம் ஒட்டியது. நடுக்கம் நிற்கிறவரை அவர்களில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அப்பா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதியிலிருந்து ஒரு பெரிய துண்டைப் பிய்த்து நீட்டினார்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. நீங்களுந்தான் காலைலேருந்து ஒண்ணும் துன்னல. இந்தாங்க."

அவர் திரும்பினார். நீட்டிய கையைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமா எங்கே என்று தேடினால், கார்டில் பணம் ஏற்றுகிற வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்தத் தண்ணிக்கரையில் விற்ற பஜ்ஜி, சோளம், ஐஸ்கிரீம் எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. இட்லி டப்பாவை வாசலிலேயே மறந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

தேறும் என்று சொன்ன நாளில் ஒட்டிய பட்டையை மாமா வேன் கண்ணாடியில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். போன வருஷம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வேனை விற்றபோது, வாங்கின ஆள் வருவதற்குள் நான் போய் அதை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அக்காவின் மகளோடு மறுபடி அங்கே போயிருந்தேன். பெஞ்சு இருந்த இடத்தில் இதய வடிவத்தில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள், ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்ள. மாமா பார்த்திருந்தால் "ப்ச்" என்றிருப்பார்.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து பட்டையை எடுத்துப் பார்த்தேன். என் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தேன். மாமாவின் அளவு, தொளதொளவென்றிருந்தது. பிறகு போனை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டேன். "தேறும். வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க. சக்கரை இருக்கறவங்க யாராவது வந்தா, உள்ள போனதும் மொதல்ல ஒரு பஞ்சு மிட்டாய் வாங்கி கையில வெச்சுக்கோ."