நாற்பத்தோராம் கொக்கி

ஒருவர் எழுதிய பக்கத்தைத் தொடாமலே திருத்த உங்களால் முடியுமா? பேனாவை எடுக்காமல், விசைப்பலகையில் விரல் வைக்காமல், ஒரு சொல்லைக்கூட நீங்களாகப் போட்டுக் கொடுக்காமல்? அவசரப்பட்டு முடியும் என்று சொல்லிவிடாதீர்கள். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புள்ளியியல் ஆசிரியன். ஒரு பத்தி முடிகிறவரைகூட என்னால் தாக்குப்பிடிக்க முடிந்ததில்லை.

பெர்மெத் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கன்னத்தில் ஒரு குருத் உருண்டை. உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த அந்தக் கல்லைக் கடிக்க மாட்டார். ஒரு மாணவருக்கு ஒரு உருண்டை என்ற கணக்கில் கரையவிடுவார். கண்கள் மூடியிருக்கின்றன. திரையில், தெற்கே ஏதோ ஒரு பருத்திக்காட்டு ஊரிலிருந்து ஒரு மாணவன் தன் கட்டுரையை வாசிக்கிறான். மூன்றாவது வாக்கியத்தில் அவனே தடுக்கி நிற்கிறான்.

"அக்கா, இங்க என்னமோ இடிக்குது."

"ம்."

"நீங்களே மாத்தி விட்டுடுங்களேன்."

"கை மாட்டிக்கிச்சுப்பா. நீயே மாத்து."

மாட்டிக்கொண்டதென்னவோ உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பெண்ணின் முன்னுரையைக் கை அரிப்புத் தாங்காமல் இவரே திருத்திக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் நன்றி சொன்னதோடு நிற்காமல் அடுத்த அத்தியாயத்தை எழுதாமலே, வெறும் தலைப்போடு அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து கைகளுக்கு இந்தச் சிறை.

எங்கள் பிஷ்கெக் பல்கலைக்கழகத்தில், தொலைவிலிருந்து படிப்பவர்களுக்கு இணையம் வழியாக எழுத்துக்கு உதவும் பிரிவு இது. பிரிவு என்றால் பெர்மெத் ஒருவர்தான். வயது இருபத்தேழு. கொடுக்கப்பட்டிருக்கும் இடம், தரைத்தளத்தில் பழைய காலத்துக் கோட்டு மாட்டும் அறை. சுவர் நெடுக இரும்புக் கொக்கிகள். ஒவ்வொன்றின் தலையிலும் பித்தளையில் எண். கோட்டுகள் மாடிக்குப் போய்விட்டன. இப்போது கொக்கிகளில் காகிதங்கள் தொங்குகின்றன. ஒரு மாணவருக்கு ஒரு கொக்கி. அவர் அனுப்பிய முதல் பிரதியைத் தப்பும் தவறுமாக அப்படியே அச்செடுத்து, தேதி முத்திரை குத்தி, நூல் கோத்து மாட்டிவிடுவார். அதன் பின்னால் ஒரு தனித்தாள். அதில் இவர் கேட்ட கேள்விகள் மட்டும் இருக்கும்.

எதற்கு இந்தக் குப்பையை மாட்டி வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"மொதப் பிரதிதான் சார் ஆளு. அதுக்கப்புறம் போடறதெல்லாம் கோட்டு."

எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு இவர் 'கோட்டு ரூம் பொண்ணு'. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இரண்டு ஒளிநகல் கடைகள் இருக்கின்றன. உள்ளே போய்த் தலைப்பைச் சொன்னால் ஒரே வாரத்தில் கெட்டி அட்டை போட்ட ஆய்வேடு கைக்கு வரும். அதில் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் அமைச்சகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் 'ஒளிநகல் கடைப் பையன்' என்று சொல்வதில்லை. தானாக ஒரு வாக்கியம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவளுக்குத்தான் பட்டப்பெயர்.

என் அறை அந்த அறைக்கு நேர் எதிரே. இருவருமே கதவைச் சாத்துவதில்லை. அதனால்தான் புருல் அக்காவை முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

புருலுக்கு வயது நாற்பத்தாறு. நரின் பக்கம், மேய்ச்சல் நிலங்களுக்குப் போகும் பாதையின் கடைசி ஊரில் மருத்துவ உதவியாளர். மருத்துவர் கிடையாது; ஊசி, பிரசவம், பல்வலி எல்லாம் அவரே. பொது சுகாதாரத்தில் மேல்பட்டம் படிக்கத் தபாலில் சேர்ந்திருந்தார். அந்த மருத்துவ நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மேலே மட்டும்தான் இணையம் எட்டும். மடிக்கணினியை அதன்மேல் வைத்துவிட்டு, வகுப்பு முழுக்க நின்றுகொண்டே இருப்பார். எங்களிடையே பாடம் சொல்லித் தருகிற பெண் எத்தனை சின்னவளானாலும் அக்காதான். ஆகவே புருல் பெர்மெத்தை அக்கா என்பார். வயதுக்கு மரியாதையாகப் பெர்மெத் புருலை அக்கா என்பார். இரண்டு அக்காக்களும் செவ்வாய்தோறும் பிற்பகலில் கூடுவார்கள்.

முதல் நாள் புருல் வாசித்த பக்கம் முழுக்கப் பெரியவர்களுக்கு வணக்கமும் துறைத் தலைவருக்கு நன்றியுமாகவே போனது. பிறகு, மேய்ச்சல் நிலங்களில் "ஆய்வாளர் குழு" மேற்கொண்ட பணி என்று வந்தது. பெர்மெத் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"குழுன்னா யார் யாரு அக்கா?"

"யாரும் இல்ல அக்கா. நானும் குதிரையும்."

"குதிரை என்ன பண்ணுச்சு?"

"நின்னுச்சு."

"நீங்க?"

புருல் சொல்லத் தொடங்கினார். என் கையிலிருந்த விடைத்தாள்களை நான் கீழே வைத்தேன். அவர் ஊரில் பெண்களுக்கு வந்து வந்து போகும் காய்ச்சல், மூட்டுவலி. சிலருக்குக் கரு கலைந்தது. ஊரார் கண்ணேறு என்று சொல்லி ஆர்ச்சா மரத்தழையைக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை போட்டார்கள். மாவட்ட அலுவலகமோ பாலைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சுவரொட்டி அனுப்பியது. அது கால்நடையிலிருந்து தொற்றும் நோய் என்பது எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். ஆனால் பாலைக் காய்ச்சும் வீடுகளிலும் பெண்கள் ஏன் நோயில் விழுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. புருல் ஆறு வசந்தங்கள் குதிரையில் வீடு வீடாகப் போனார். குறித்துவைத்தார். கடைசி வசந்தத்தில் ரத்தமும் எடுத்தார். ஆடு ஈனும் பருவத்தில், குட்டியை வெறுங்கையால் இழுத்தெடுப்பது அங்கே பெண்களின் வேலை. காய்ச்சல் வந்தது அந்தக் கைகளுக்கு. அவர் ஊருக்குச் சுவரொட்டியைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது, முழங்கை வரை நீளும் கையுறை.

இத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆய்வேட்டில் மட்டும் இல்லை. அதில் தலைவரின் புகழும் குழுவின் பணியும் இருந்தன. பெர்மெத் கேட்டார்: "இப்ப சொன்னீங்களே, இத ஏன் எழுதல?" புருல் கூச்சத்தோடு சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "இது நான் பாத்ததுதானே அக்கா. ஆராய்ச்சி இல்லையே."

இப்படிச் சொல்லும்படி ஒரு மனுஷியை ஆக்கிவைத்திருக்கிற கல்வியை என்ன சொல்லித் திட்டுவது? பெர்மெத் திட்டவில்லை. "வாசிங்க" என்றார். அடுத்த செவ்வாயும் "வாசிங்க". ஒன்பது வாரங்கள் ஒரு சொல்லையும் தராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். யார் பார்த்தது, எந்த மாதம், எத்தனை வீடு, அது உங்களுக்கு எப்படித் தெரியும். பத்தாவது வாரம் புருல் வாசித்தபோது ஒவ்வொரு வாக்கியமும் சேணம் பூட்டிய குதிரை மாதிரி நின்றது. ஓர் ஆள் தன் அறிவைத் தானே முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கும் நொடி அது. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கழித்த நான் அதற்கு முன் அதைக் கண்டதில்லை. எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. நின்றேன்.

எழுதி முடித்ததும் புருல் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தார். விருந்தில் ஆட்டுத்தலையை மூத்தவர் முன்னால் வைப்பது போல, ஆய்வேட்டையும் ஆறு வருடக் குறிப்பேடுகளையும் கம்பளித் துணியில் சுற்றித் துறைத் தலைவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவர்தான் வழிகாட்டி. குறிப்பேடுகளுக்கு நகல் வைத்திருக்கிறீர்களா என்று பெர்மெத் கேட்டபோது புருலுக்குச் சங்கடமாகிவிட்டது. "விருந்தாளிக்கு வச்ச தலையில காதை மட்டும் எனக்குத் தாங்கன்னு கேக்கறதா அக்கா?"

எட்டு மாதங்கள் தலைவர் இன்று, நாளை என்றார். பிறகு ஒரு ஆய்விதழில் அவர் பெயரில் கட்டுரை வந்தது. வெறுங்கை, ஆடு ஈனும் பருவம், முழங்கை உறை, அட்டவணை எல்லாம் அப்படியே. அதற்கு அடுத்த வாரம் புருலின் ஆய்வேடு, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குள் போனது. எழுபத்தொரு சதவீதம் சிவப்பு. நிரூபணமானால் பட்டம் இல்லை, நிரந்தர நீக்கம். உறைக்காக அவர் மாவட்டத்துக்கு எழுதிய மனுவும் திருடியின் மனுவாகிவிடும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைமை, வேதியியல் பேராசிரியை ஒருவர். புள்ளிவிவரம் இருக்கிறதே என்று என்னையும் போட்டிருந்தார்கள். துறைத் தலைவர் மிகவும் கனிவாக இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் கனிவைக் கண்டுதான்.

"பாவம், கிராமத்து அம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. என் பேரைப் போடணும்னு தெரியல. கீழ ஒரே ஒரு குறிப்பு, என் கட்டுரையிலேர்ந்து எடுத்ததுன்னு போட்டுட்டாப் போதும். மன்னிச்சு விட்டுடலாம்."

ஒரே ஒரு வரி. எழுதினால் பட்டம் நிச்சயம். ஆறு வசந்தங்கள் தலைவருடையவையாகிவிடும். இந்த வரி பற்றிக் கேள்விப்பட்டு, விசாரணைக்கு முந்தின நாளே புருல் பெர்மெத்திடம் கேட்டிருந்தார்: "போட்டுத் தொலைச்சிடவா அக்கா?" போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ பெர்மெத் சொல்லவில்லை. "அந்த வரிய வாசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். புருல் குளிர்பெட்டி முன்னால் நின்று அந்த வரியை உரக்க வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

பெர்மெத் புருலுக்கான நாற்பத்தோராம் கொக்கியிலிருந்த காகிதக் கட்டை, முதல் பிரதியும் கேள்வித் தாளுமாக, குழுவின் மேசையில் வைத்தார். முத்திரைத் தேதி, கட்டுரைக்கு ஒரு வருடம் முந்தையது. தலைவர் பார்த்தார், சிரித்தார். அதற்கும் முன்பே தான் வாய்மொழியாகச் சொன்னது என்றார். குழுத் தலைவி பெர்மெத் பக்கம் திரும்பினார். கூடவே இருந்தவர் நீங்கள்தானே, உண்மை என்னவென்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

உண்மை அவருக்குத் தெரியும். நாவின் நுனியில் இருந்தது. நானும் சொல்லிவிடம்மா என்று மனத்துக்குள் கெஞ்சினேன். பெர்மெத் மெதுவாக இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"நான் சொன்னா என் வார்த்தை ஆயிடும். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். ரெண்டு பேரும் சொல்லட்டும். அட்டவணையில அறுபத்து மூணு வீடு இருக்கு. ரத்தம் அறுபத்திரண்டு. ஒரு வீடு ஏன் விட்டுப்போச்சு?"

நான் அட்டவணையைப் பார்த்தேன். புள்ளியியல் ஆசிரியன் நான்; என் கண்ணில் அது படவே இல்லை.

வெயிலில் ஒரு ரத்த மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்றார் துறைத் தலைவர். களத்தில் அது சகஜம் என்றார். எந்த வீடு என்று பேராசிரியை கேட்டார். அதெல்லாம் நினைவில் இருக்குமா என்றார் தலைவர்.

பெர்மெத் முழங்கையால் மடிக்கணினியை நகர்த்தித் திரையைக் குழுவின் பக்கம் திருப்பினார். புருல் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் பூப்போட்ட துணி.

"அது எங்க வீடு. என் மாமியார். ஊசிய எடுத்துக்கிட்டுக் கிட்ட போனேன். தீயிலேர்ந்து கொள்ளிய உருவிக்கிட்டு முற்றம் பூரா என்னத் தொரத்துனாங்க."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். புருலும் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது.

"குடும்ப மானம்னு எழுதல. இப்ப ரெண்டு முட்டியும் வீங்கி எழுந்திருக்க முடியாமக் கெடக்கறாங்க. அந்த வசந்தத்துல முப்பது குட்டி இழுத்தாங்க, வெறுங்கையால. எனக்குக் கீழ்க்குறிப்பு வேண்டாம் ஐயா. அறுபத்து மூணு வீட்டையும் கதவு நிறம் வரைக்கும் சொல்றேன். எழுதிக்குங்க."

சொன்னார். நாங்கள் எழுதினோம். முதல் வீடு நீலக்கதவு. பதினொன்றாவது வீட்டில் பேராசிரியை பேனாவை மூடினார். தலைவர் தன் கோப்பை அதற்கு முன்பே மூடியிருந்தார்.

புருலின் மேலிருந்த குற்றச்சாட்டு அன்றே தள்ளுபடியானது. ஆனால் அந்தக் கட்டுரை இந்த நிமிடம் வரை அந்த இதழில் துறைத் தலைவர் பெயரிலேயே இருக்கிறது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் போனபிறகு பெர்மெத் அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். நாற்பத்தோராம் கொக்கியில் மாட்டினார். நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்த நூலை ஒரு விரலால் பிடித்து நிறுத்தினார். அந்தப் பிரதியில் அவர் விரல் செய்த திருத்தமாக நான் பார்த்தது அது ஒன்றுதான். பிறகு நாற்காலியில் அமர்ந்தார், கைகள் வழக்கமான இடத்துக்குப் போயின, புதிதாக ஒரு உருண்டை கன்னத்துக்குப் போனது. திரையில் பருத்திக்காட்டுப் பையன்.

"வாசிப்பா."

உங்கள் மேசையிலும் உங்களை நம்பி யாரோ கொடுத்த முதல் பிரதி ஒன்று கிடக்கும். இன்றே எடுங்கள். அதன் தலையில் எழுதியவரின் பெயரையும் தேதியையும் போடுங்கள். அவரைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கைகளின் மேல் உட்காருங்கள்.