பல்லில் படாத சாப்பாடு

எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது கை கழுவும் இடத்தைத்தான். விலைப்பட்டியல், கல்லாவுக்கு மேலே மாட்டிய சாமி படம், பக்கத்து மேசைக்காரரின் தட்டு எல்லாம் அப்புறம். குழாயடியில் சோப்பு இருந்து, அது ஈரமாகவும் இருந்தால் அந்தக் கடையை நம்பலாம். சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தால் அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம், சமைப்பவர் உட்பட. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சந்தாபுராவில் வயிற்றைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டது.

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில், வாடகை குறைவு என்பதற்காகச் சந்தாபுராவில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சேர்ந்தேன். பி.ஜி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். எனக்கு மதியத்துக்கு மேல் ஆரம்பிக்கும் ஷிஃப்ட். நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் விடுதியில் காலைச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். மதியம் பிஸ்கட், ராத்திரி அலுவலக மிஷின் காபி. கொஞ்ச நாளில் வயிற்றில் புண் வந்தது. ஒருநாள் லிஃப்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அம்மா போனில் அழுதாள். அப்பா தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

அப்பா அரிசி மண்டி வைத்திருப்பவர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், குரல் இறங்கிவிடும். அன்றைக்கு ரொம்பவே இறங்கியிருந்தது.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒடம்பு தேறலைன்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வூட்டுக்கு வந்துடு. மண்டியில கணக்கு எழுது, போதும்."

மண்டிக் கணக்கு எழுத உட்கார்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நல்ல நாளில் யாராவது ஜாதகத்தோடு வருவார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை. இந்த ஊரில் என் சம்பளத்தில் நான் வாங்கிய குடையைக்கூட எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே என் வேலை, என் குடை, என் எதிர்காலம் எல்லாம் இப்போது ஒரு நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பதில் வந்து நின்றது. அதுவும் தினமும் போகிற அளவுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும். விடுதி அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. போனில் ஆர்டர் செய்தால் எண்ணெய் டப்பாவைத் தாண்டிப் பைக்கு வந்திருக்கும்.

தேட ஆரம்பித்தேன். காலையில் அரை மணி முன்னதாக எழுந்து தெருத் தெருவாக நடந்தேன். ஆரம்பத்தில் கடமையாகத்தான் இருந்தது. போகப் போக எனக்குள் இருந்த வேவு பார்க்கும் புத்தி விழித்துக்கொண்டது. நின்றுகொண்டே சாப்பிடும் கடைகளில் டோக்கன் வாங்கி நீட்டினால், "டிப்பா, செப்பரேட்டா?" என்று கேட்பார்கள். இட்லியைச் சாம்பாரில் மூழ்கடிப்பதா, தனியாகத் தருவதா என்று கேள்வி. எங்கள் ஊரில் யாரும் என்னிடம் இவ்வளவு ஜனநாயகமாக நடந்துகொண்டதில்லை.

ஆனால் சாம்பார் இனித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இனிக்கிற சாம்பார் ஊற்றும் கடை உருப்படாத கடை என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கல்லாவில் இருந்தவரிடம், "சாம்பாருக்கு ஏங்க வெல்லம் போடுறீங்க?" என்று கேட்டேன். அவர் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"நீங்கோ ஏன் போடறது இல்ல?"

அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஏன் போடுவதில்லை?

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் என் சொந்த மாவட்டத்தின் பெயரைத் தமிழிலேயே பெரிதாக எழுதியிருந்தார்கள். தாய்வீட்டைப் பார்த்த மாதிரி ஓடினேன். குழம்பு புளித்தது, பொரியல் எந்தக் காய் என்றே தெரியவில்லை. முதலாளியிடம் தஞ்சாவூரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். "பேரு நல்லா இருந்திச்சி மேடம், வெச்சோம்," என்றார். அந்தக் குழாயடியில் சோப்பே கிடையாது.

மார்கழி பிறந்துவிட்டது. அப்பா தினமும் ராத்திரி போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பார். "சாப்ட்டியா?" சாப்பிட்டேன் என்பேன். பிஸ்கட்டும் சாப்பாடுதானே.

ஒரு நாள் ஆனேக்கல் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தையல் கம்பெனிச் சீருடை போட்ட பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். பலகை இல்லை. ஒரு வீட்டின் முன்பகுதியில் தகரம் போட்டு இறக்கியிருந்தார்கள். நாலு பெஞ்சு. வாசலில் மூடி போட்ட வாளி, பக்கத்தில் பழைய வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

உள்ளே நடத்துகிற அம்மாளை எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அவர் என் தட்டில் வைத்தது ஒரு உருண்டை. கறுப்பாக, பளபளவென்று, ஆவி பறக்க. முத்தே என்றார்கள். பெயர் எதுவானாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கேழ்வரகுக் களி. பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றேன். மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. எதிரே இருந்த சீருடைப் பெண் சிரித்தே விட்டாள்.

"மெல்லாதக்கா. சாறுல பொரட்டி அப்டியே முழுங்கு. பல்லு மேல படவே கூடாது."

சாறு என்றால் இங்கே குழம்பு, ஊட்டா என்றால் சாப்பாடு. உருட்டி, அதில் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். தொண்டையில் சூடாக இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. தினமும் அலுவலகத்தில் நாலு மணிவாக்கில் வயிறு எரிய ஆரம்பிக்கும். அன்றைக்கு எரியப்போகிறது, எரியப்போகிறது என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வயிற்றுக்காகப் போனது பாதி, இன்றைக்கு என்ன சாறு என்று தெரிந்துகொள்ளப் போனது பாதி. ஒருநாள் கீரைச் சாறு, ஒருநாள் கொள்ளு. பருப்பும் கீரையும் வெந்த தண்ணீரை வடித்துச் சாறாக்கி, வெந்ததைத் தாளித்துப் பொரியலாக்கும் பஸ்ஸாறு என்ற ஒன்றை அக்கா செய்வதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் நேரே வாழை மரத்துக்குப் போகும். என் வயிற்றுச் சங்கதி தெரிந்த பிறகு காரமான நாட்களில் அக்கா எனக்கு மட்டும் மோர் ஊற்றிவிடுவார். நான் கேட்டதில்லை.

உடம்பு தேறியது. முகத்தில் ரத்தம் வந்தது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். எங்கள் பக்கம் களி என்றால் ஜெயில்தான். கம்பி எண்ணிக் களி தின்ன வைப்பேன் என்றுதான் அங்கே சண்டையில் சபதம் போடுவார்கள். திருவாதிரைக்குக்கூட நாங்கள் அரிசியில்தான் களி கிண்டுவோம். அரிசி மண்டிக்காரர் மகள் காசு கொடுத்துக் கேழ்வரகுக் களி தின்கிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்? "மெஸ்ல சாப்பிடுறேன்ப்பா," என்பேன். "என்ன சாப்பாடு?" என்பார். "சாப்பாடுதான்," என்பேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் அப்பாவே கிளம்பி வருவதாகச் சொன்னார். தீர்ப்பு சொல்லத்தான் வருகிறார். இரண்டு நாள் லீவு போட்டேன். முந்தின நாள் முழுக்க அறையைக் கழுவித் துடைத்ததில் மெஸ்ஸுக்குப் போகவில்லை. காலையில் அப்பா தோளில் ஒரு மூட்டையோடு இறங்கினார். பொன்னி அரிசி.

"எங்கப்பா வடிக்கிறது? அடுப்பே கெடையாதே."

"யாராவது வடிச்சுக் குடுக்க மாட்டாங்களா? இது என்ன ஊரு!"

மூட்டையை அறையில் போட்டுவிட்டு மதியம் அவரை ஏ.சி. ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போகக் கிளம்பினேன். இலை போட்டுப் பெரிய சாப்பாடு, அப்பளம், பாயசம். அங்கேதான் தினமும் சாப்பிடுகிறேன் என்று அவரே நினைத்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். ஆனால் போகிற வழி அந்தச் சந்தின் முனையைத் தாண்டித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அக்காவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"ஏம்மா! நேத்து ஏன் வரல்ல? ஒடம்பு சரி இல்லியா? ஒனக்குன்னு முத்தே எட்த்து வெச்சிட்டு பாத்துனே இருந்தேன்!"

அப்பா நின்றார். "யாரும்மா அது?"

திட்டம் அத்தோடு போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தட்டிலும் என் தட்டிலும் ஆளுக்கொரு உருண்டை வந்தது. அப்பா அதைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"களியா? ஜெயில்ல போடுறத எம்பொண்ணு காசு குடுத்துத் திங்கிறாளா?"

அக்காவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். கரண்டியோடு திரும்பினார்.

"ஜெயில்ல போட்டா ஜெயிலு ஊட்டா, அரமனையில போட்டா அரமனை ஊட்டா. மொதல்ல துன்னுங்க சார். அப்புறம் திட்டுங்க."

அப்பா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். நான் பட்ட அதே பாடு. "மெல்லாதீங்கப்பா, முழுங்குங்க," என்றேன். அவர் தண்ணீர் குடித்து, நாக்கால் பல்லைத் துழாவிச் சுத்தம் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மூட்டையிலிருந்து அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தே தரம் சொன்னவர்.

"கடிச்சுப் பாக்காம எப்புடிம்மா தெரியும், நல்லதா கெட்டதான்னு?"

"நாலு மணிக்குத் தெரியும்ப்பா," என்றேன்.

அவர் இன்னொரு துண்டைப் பிய்த்தார். உருட்டி, புரட்டி, விழுங்கினார். முழுவதையும் முடித்தார். பிறகு இங்கே வழக்கப்படி ஒரு கரண்டி சோறு வந்தது. அதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு பருக்கையை விரலில் நசுக்கினார். "அரிசி சரியில்லம்மா," என்றார் அக்காவிடம்.

"நல்ல அரிசி குட்த்தா நல்லா வடிக்கிறேன்," என்றார் அக்கா.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். விடுதிக்குப் போய் ஆட்டோவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அக்கா தாம்பாளம் நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார். எதிரே முண்டாசுத் துண்டை மடியில் விரித்துக்கொண்டு அப்பாவும் பிதுக்கிக்கொண்டிருந்தார். விரல் பட்டதும் தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் துள்ளின. இது எதற்கு, பிதுக்காமல் போட்டால் என்ன ஆகும், வேறு சாறாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் வேவு பார்க்கும் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஓசூர் சாலையில் பஸ் ஏற்றிவிட்டேன். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வரேம்மா," என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு வா என்று சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. அன்று ராத்திரி முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டியின் கணக்குப்பிள்ளை மேசையும் அதில் நான் உட்கார்ந்திருப்பதும் கண்ணில் வந்து வந்து போயின.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது. சாப்ட்டியா என்று கேட்பார், அதற்கடுத்து அந்தத் தீர்ப்பு வரும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தேன்.

"இன்னைக்கு என்ன சாறு?" என்றார் அப்பா.

போன உயிர் திரும்பி வந்தது. "அவரைக்கொட்டைப்பா," என்றேன்.

"பிதுக்குனதா, பிதுக்காததா?"