அரைக் கிலோ

போன வாரம் மகனின் பள்ளியிலிருந்து கைபேசிக்கு ஓர் அறிக்கை வந்தது. உயரம், எடை, எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தான் என்பதெல்லாம் போட்டு, கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் 'அதிக எடை' என்றிருந்தது. எட்டிப் பார்த்தவன், "மா, நான் மோட்டாவா?" என்றான்.

"இல்லடா, ஆரஞ்சு" என்றேன். சிரித்துவிட்டான்.

என் எடையெல்லாம் இப்படி ரகசியமாக வந்ததில்லை. தில்லியில் நாங்கள் படித்த தமிழ்ப் பள்ளியில் வருடத்துக்கொரு முறை எடை மெஷினை மைதானத்தில் வைத்து, ஹரியானாக்காரரான விளையாட்டு டீச்சர் கமலேஷ் மேடம் ஒவ்வொருவர் எடையையும் உரக்கக் கூவுவார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் எனக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு அடுத்து ஏறிய அஞ்சலைக்கு முப்பது. வகுப்பே சிரித்தது. மேடம் என்னைப் பார்த்து, "தூ கம் கா" என்றார். அவளைப் பார்த்து, "தூ ஜ்யாதா கா" என்றார். எனக்குக் குறைத்துச் சாப்பிடும்படியும், அவளுக்குக் கூட்டிச் சாப்பிடும்படியும் உத்தரவு.

அஞ்சலை அதை அன்றைக்கே நிறைவேற்றினாள். மத்தியானம் என் டப்பாவைத் திறந்து பாதிப் புளியோதரையைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டாள். "மேடம் சொன்னாங்கல்ல?" என்றாள். எங்கள் நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது. நான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அப்பாவின் அரசாங்க வீட்டில் இருந்தேன். அவள் சாக்கடைக் கால்வாய் ஓரம் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப். பள்ளிக்குக் கிளம்புமுன் பத்துக் குடம் தண்ணீர் தூக்கிவிட்டு பஸ் ஏறி வருவாள். அவளோடு கை குலுக்கினால் விரல் நொறுங்கும்.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிகளுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டி. எட்டுப் பேரின் மொத்த எடை முந்நூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. கடைசியில் நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கனமான ஆள் வேண்டுமென்று மேடம் என்னைச் சேர்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விளையாட்டில் நான் தேவைப்பட்டேன். என்னைச் சமன் செய்ய அஞ்சலை.

போட்டியன்று காலை ஸ்வெட்டர், ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றி நடுங்கிக்கொண்டே ஏறினோம். கூட்டிப் பார்த்தால் அரைக் கிலோ அதிகம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நான் வரல, வேற யாரையாவது சேத்துக்குங்க" என்றேன். ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நீ வரலன்னா எவ பின்னாடி நிப்பா?" என்ற அஞ்சலை, மேடமிடம் போய்ச் சரளமான இந்தியில் என்னவோ பேசி, அவருடைய கம்பளிக் கோட்டையே கழற்றி வாங்கி வந்தாள். நன்றாக வேர்க்கட்டும் என்று என் ஸ்வெட்டருக்கு மேல் அதைப் பூட்டினாள். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. என் கையைப் பிடித்து ஓட ஆரம்பித்தாள். அதுவரை நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. மூன்றாவது சுற்றில், "செத்துருவேன்டி" என்றேன். "செத்தாலும் வெயிட்டு கொறையாது. ஓடு" என்றாள். மேடம் பின்னாலேயே, "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டு வந்தார். ஆறு சுற்று ஓடி, இரண்டு முறை பாத்ரூம் போய் வந்து ஏறினேன். முள் சரியான இடத்தில் நின்றது.

முதல் ஆட்டத்தில் ஓடிய களைப்பில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது தவறு என்று எதிரணி கத்தியது. நடுவர் பார்ப்பதற்குள் அஞ்சலை என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தாள். ஜெயித்தோம். அடுத்து இறுதி ஆட்டத்தில் தோற்று மண்ணில் இழுபட்டுப் போனோம். இரண்டாவது பரிசாக ஆளுக்கொரு ஸ்டீல் டம்ளர். அடுத்த வருடம் மேடம், "சாட்" என்று என் அறுபது கிலோவைக் கூவியபோது வகுப்பு கை தட்டியது.

எங்கள் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டுகிறார்கள். கேம்பும் இடிபட்டு, அஞ்சலை நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள். சமீபத்தில் இருவரும் சேர்ந்து, கேம்ப் இருந்த பாராபுல்லா நாலா ஓரம் போய்ப் பார்த்தோம். செங்கல் துண்டுகள் கிடந்த வெறும் மண். அஞ்சலை கொஞ்ச தூரம் நடந்து, "இதான் எங்க வூட்டு வாசப்படி" என்று நின்றாள். பிறகு சுற்றும் பார்த்து நாலடி தள்ளிப் போனாள்.

"இல்ல... இங்க."