மணலில் மட்டும் ஆடிய கோல்ஃப்

கொள்ளிடம் பாலத்தின் மேல் ஒரு லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டு நின்ற காலையில்தான் அந்த யோசனை வந்தது. பங்குனி வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறியிருந்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, வேட்டிக் கரை மாதிரி மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல். முந்தின நாள் போனில் பார்த்த போட்டியில், முன்னணியில் இருந்த ஆட்டக்காரர் கடைசிக்கு முந்தைய குழியில் மணலுக்குள் மாட்டி, இரண்டு அடி வீணாக்கித் தோற்றுப்போயிருந்தார். கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களைச் சிக்கவைப்பதற்கென்றே வெட்டி வைத்திருக்கும் அந்த மணல் பள்ளத்துக்குப் பங்கர் என்று பெயர். உலகத்தில் பாதிப் பேர் அதில் பழகுவதற்குப் பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். நான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பங்கர் சும்மா படுத்துக் கிடக்கிறது.

லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோல்ஃப் போன் வழியாக வந்தது. இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் ஏதோ ஒரு வீடியோவில் கிளப் என்கிற கோல்ஃப் மட்டையின் முகம் பந்தைத் தொடும் நொடியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து அப்பளம் மாதிரி நசுங்கி, மறுபடி உருண்டையாகிப் பறந்தது. அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். காலையில் கண் விழித்ததும் ஸ்கோர் பார்ப்பேன். யார் எந்த கிளப்புக்கு மாறினார், யார் அதன் தண்டை அரை அங்குலம் வெட்டினார், எந்தப் பந்து காற்றில் எவ்வளவு சுழல்கிறது, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். தமிழில் கோல்ஃப் பேசுவதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கோயம்புத்தூர், சென்னை, ஊட்டி, துபாய் என்று நாற்பது பேர் இருப்போம். அதில் ஒரு நாளைக்கு இரண்டு பதிவாவது போடாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நாளடைவில், "திருச்சி தம்பியக் கேளுங்க" என்று ஆகிவிட்டது. எந்த கிளப் வாங்கலாம், எந்தக் கையுறை வழுக்காது, எல்லாவற்றுக்கும் திருச்சி தம்பி.

திருச்சி தம்பி ஒரு தடவைகூடக் கோல்ஃப் மைதானத்தில் கால் வைத்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொள்ளிடம் யோசனை வந்த வாரமே ஆன்லைனில் பழைய சேண்ட் வெட்ஜ் ஒன்று வாங்கினேன். மணலிலிருந்து பந்தைத் தூக்குவதற்கான, முகம் மல்லாந்த கிளப். கூரியர்காரர் நீளப் பார்சலைக் கையில் நிறுத்தி, "என்ன சார், ஒட்டடைக் கம்பா?" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "ஒட்டடையாவது அடிச்சிருப்பான்" என்றாள். அவள் ஸ்கூல் டீச்சர். ஒரு வாக்கியத்தில் ஆளை உட்காரவைத்துவிடுவாள்.

கோயிலின் வடக்கு வாசல் பக்கம் வீடு. ஆறு நடக்கிற தூரம். தினமும் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மணலில் நின்றேன். பங்கர் அடிக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. கிளப் பந்தைத் தொடவே கூடாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, அடியில் புகுந்து வெளியே வர வேண்டும். தூக்கிப் போடுவது மணல்தான். பந்து அதோடு சேர்ந்து வரும். முதல் பத்து நாள் மணல் மட்டும் வந்தது, வாயெல்லாம் நறநற. பதினோராவது நாள் பந்தும் வந்தது. நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் தினமும் நின்று பார்ப்பார். ஒரு நாள், "தம்பி, புதைக்கிறீங்களா, தோண்டி எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துபோனார். சித்திரை, வைகாசி, ஆனி என்று ஓடி, ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும்வரை அடித்தேன். இருபது அடி தள்ளி ஒரு துண்டை விரித்துப் போட்டால், பத்துக்கு ஆறு பந்து துண்டில் விழும்.

இந்தத் தைரியத்தில் என் பதிவுகள் இன்னும் நீளமாகின.

அந்தச் சமயம்தான் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் டிரைவரை மாற்றி, மாற்றிய வாரமே கோப்பையைத் தூக்கினார். டிரைவர் என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியில் பந்தை முடிந்தவரை தூரம் அனுப்பும் பெரிய தலை கிளப். நான் விடிவதற்குள் அதன் கோணம், தண்டின் விறைப்பு, எல்லாவற்றையும் எழுதி, "இதைவிட நல்ல டிரைவர் இந்த வருஷம் வராது" என்று முடித்தேன். குழுவில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. ஒரு மாதம் கழித்து, குழுவிலிருந்த ஒரு பேங்க் அதிகாரி அம்மாவிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது.

"நீங்க சொன்ன டிரைவர்தான் வாங்கினேன். அதே கோணம், அதே தண்டு. பந்து வலது பக்கமாவே போகுது. எனக்கு இப்ப திருச்சிக்கு மாத்தல் ஆயிருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, ஒன்பது ஹோல் ஆடுவோம். நீங்களே அதை அடிச்சுக் காட்டுங்க."

அந்த நாலு நாள் நான் பட்ட பாடு. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம். முகூர்த்த நாள், கல்யாணம் என்று சொல்லலாம். என்ன சொன்னாலும் அதற்கு அடுத்த ஞாயிறு என்று ஒன்று வரும். ஆடத் தெரியாதவன் என்று தெரிந்துவிட்டால், இரண்டு வருஷமாக எழுதியது ஒன்றையும் எவரும் நம்பப்போவதில்லை. எனக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். ஆபீஸில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் கேள்வியே கிடையாது. அந்த நாற்பது பேர் கேட்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன்.

"ஆடுனதே இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்டா."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"எல்லாருமா? ஊரா கூடியிருக்கு? நாப்பது பேரு. அதுல பத்துப் பேரு குட்மார்னிங் போட வந்தவங்க." பேப்பர் திருத்துவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அந்தம்மா உன் பேச்சைக் கேட்டு வாங்கியிருக்காங்க. போகாம இருந்தா அதுதான் அசிங்கம்."

போனேன். காவிரியைத் தாண்டி, ஊரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூரும் தாண்டி உள்ளே திரும்பினால் அந்தப் பழைய மைதானம். டிவியில் பார்க்கிற பச்சை ஒன்றும் இல்லை. கட்டாந்தரையில் திட்டுத்திட்டாகப் புல், சுற்றிலும் சீமைக்கருவேலம். குழி இருக்கும் இடத்தில் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். அதை பிரவுன் என்கிறார்கள். ஆடி முடித்தவர் பலகை போட்ட ஒரு கம்பை இழுத்து, அடுத்தவருக்காகக் காலடித் தடங்களை அழித்துவிட்டுப் போக வேண்டும். அதையும் நான் படித்திருந்தேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தொப்பி, ஒரு கையில் கையுறை. கூடவே கிளப் பையைத் தூக்கி வரும் உதவியாள், கேடி என்பார்கள், ஒல்லியாக, வெற்றிலை மென்றபடி. பெரிய வரவேற்பெல்லாம் இல்லை. பையிலிருந்து அந்த டிரைவரை உருவி என் கையில் கொடுத்தார். அதை நான் முதல் தடவையாக அப்போதுதான் தொட்டேன். அதைப் பற்றி எண்ணூறு வார்த்தை எழுதியிருக்கிறேன்.

"அடிங்க."

சின்ன மரக் குச்சியின் மேல் பந்தை வைத்தேன். வீசினேன். கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் இறங்கியது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை விண்ணென்று ஏறியது. குச்சி பறந்தது. பந்து காலடியிலேயே விழுந்தது.

"தம்பி, பந்து இங்கதான் இருக்கு" என்றார் கேடி.

இரண்டாவது வீச்சு காற்றோடு போனது. மூன்றாவதில் பந்து கிளம்பி, வலது பக்கமாக வளைந்து கருவேலங்காட்டுக்குள் போய் மறைந்தது.

அவர் அது போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அங்கதான் போகுது. அப்ப டிரைவர்மேல தப்பில்லை. சொன்ன ஆளு மேலதான்."

இதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேடம், நான் தரையில நின்னு அடிக்கிறது இதுதான் முதல் தடவை."

"இந்த மைதானத்துலயா?"

"எந்த மைதானத்துலயும்."

கேடி மெல்வதை நிறுத்தினார். அந்த அம்மா கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "அப்ப இவ்வளவு நாளா எழுதினது?"

"படிச்சது. பார்த்தது."

"எல்லாமேவா?"

"பங்கர் மட்டும் சொந்தமா அடிச்சுப் பார்த்தது. கொள்ளிடத்துல."

"கொள்ளிடத்துல" என்று அவர் கேடியிடம் திரும்பிச் சொன்னார். கேடி மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். "எங்க கிளம்பறீங்க?" என்றார் அவர். "ஒன்பது ஹோல் ஆடுவோம்னுதானே சொன்னேன். நடங்க."

ஒன்பதையும் ஆடினேன். ஆடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. புல்லிலிருந்து அடிப்பதற்கான செவன் அயர்ன் என்ற அவருடைய கிளப்பை வாங்கி அடித்த ஒவ்வொரு தடவையும் பந்துக்குப் பின்னால் ஒரு கட்டி மண் பெயர்ந்தது. கேடி அதை எடுத்துப் பள்ளத்தில் வைத்து மிதித்தபடியே வந்தார். நாலாவது குழியில், "தம்பி உழுதுட்டே வராரு. பின்னாடியே நாத்து நட்டுடலாம்" என்றார். அந்த அம்மா, "'பந்து முதலில், பூமி பிறகு'ன்னு குழுவுல யாரோ எழுதியிருந்தாங்களே, அது யாரு?" என்று கேட்டார். நான்தான். புல்லில் பந்தைத் தொட்ட பிறகுதான் கிளப் மண்ணைத் தொட வேண்டும். அது எனக்கு மனப்பாடம். ஆனால் என் உடம்பு மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம், நேர் எதிராகப் பழகியிருக்கிறது. மண்டை ஒன்று சொல்ல, கை கொள்ளிடத்தில் நின்றது.

ஆறாவது குழியில் ஒரு பங்கர் இருந்தது. என் பந்து உருண்டு போய் அதில் விழுந்தது. வெட்ஜை எடுத்தேன். அடித்தேன். பந்து மெத்தென்று எழும்பி, பிரவுன் மேல் விழுந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "இன்னொண்ணு அடிங்க" என்றார் அந்த அம்மா. அதுவும் அப்படியே வந்தது. மூன்றாவதும். கேடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்று பார்த்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்; எரிச்சல்தான் வந்தது. ஒரு ஆட்டத்தின் ஒரு மூலையை மட்டும் தெரிந்துகொண்டு, மொத்தத்துக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசி பிரவுனில் நான் பலகையை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "அந்தத் தண்டு எனக்கு ரொம்ப விறைப்பு. அவ்வளவு வேகமா வீசறவங்களுக்கானது. கடைக்காரரே சொன்னாரு. நான்தான் கேக்கலை, நீங்க அவ்வளவு உறுதியா எழுதியிருந்தீங்க." தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "குழுவுல இதை நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே எழுதினேன். ஏழு தடவை அழித்து, கடைசியில் நாலு வரி: நான் மைதானத்தில் ஆடியதில்லை. இன்றுதான் முதல் தடவை. அந்த டிரைவரைத் தொடாமலேயே சொன்னேன். அதைக் கேட்டு வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். உடனே நிமிர்த்தினேன். துபாய்க்காரர், "நல்லவேளை, நான் வாங்கலை" என்றார். இரண்டு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஊட்டியில் ஒருவர் நீளமாகத் திட்டியிருந்தார். ஒரு வரியும் தப்பில்லை. அதற்கு அடுத்த செய்தி: "சரி தம்பி, அந்தப் புதுப் பந்து எப்படி?" கை பரபரத்தது. பாதி பதிலை அடித்தும்விட்டேன். அழித்துவிட்டு, "நான் இன்னும் அடிச்சுப் பார்க்கலை" என்று போட்டேன். அதை எழுதுவதற்கு அந்த மன்னிப்பைவிட அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "அடுத்த ஞாயிறு ஆறரை மணி. பங்கர் நீங்க சொல்லித் தரணும். மண்ணை உழறதை நிறுத்திட்டு வரணும்."

இன்று வியாழக்கிழமை. கொள்ளிடக் கரையில் புல் முளைத்த ஒரு துண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். செவன் அயர்ன் ஒன்று நண்பனிடம் இரவல். தரையில் நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டு, பந்து இல்லாமல் வீச வேண்டும். கோட்டுக்கு முன்புறம் மண் பெயர்ந்தால் சரி, பின்னால் பெயர்ந்தால் கொள்ளிடம். கோட்டுக்குக் கோலமாவு எடுக்கப் போனபோது அம்மா, "அரிசி மாவை எடுக்காத, கல்லு மாவை எடு" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. இன்று காலை முப்பது வீச்சு. இருபத்தொன்று பின்னால், ஐந்து கோட்டின் மேலேயே, நாலு முன்னால். அந்த நாலின் பள்ளத்தையும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. எடை இடது காலுக்கு முன்கூட்டியே வந்திருக்கலாம். இல்லை, அந்த நாலு தடவை நான் எதையும் யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

நாளைக்கு இடது காலில் எடையை வைத்தபடியே தொடங்கி இன்னொரு முப்பது. சனிக்கிழமை கோட்டின் மேல் பந்தை வைக்கப் போகிறேன்.