முப்பதடிக் கல்

பெங்களூர் வைட்ஃபீல்டில் அப்போது கட்டடங்களைவிடக் கம்பிவேலிகள்தான் அதிகம். ஒவ்வொரு வேலிக்குள்ளும் முதலில் குடியேறுகிறவர்கள் நாங்கள்தான். கட்டடம் எழும்புவதற்கு முன் கீழே மண் எதுவரை, பாறை எத்தனையாவது அடியில் என்று துளையிட்டுப் பார்ப்பது அப்பாவின் வேலை. துளைக்கம்பியைத் தொங்கவிட ஒரு இரும்பு முக்காலி, ஒரு டீசல் இயந்திரம், துணைக்கு மாமா. தார்ப்பாய்க் கொட்டகையில் அம்மாவும் நானும். விவரம் தெரிந்ததும் கொட்டகையைப் பிரித்து அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். அதனால் நான் மூன்று பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்பு படித்தேன். இரண்டாம் வகுப்பு எங்கும் படிக்கவில்லை.

பாறைக்குள் இறங்கும் குழாய், கல்லை உருளையாக அறுத்து உள்ளே வாங்கிக்கொண்டு மேலே வரும். கடைந்தெடுத்ததுபோல வழவழப்பாக இருக்கும். அப்பா அந்த உருளைகளைத் தடுப்பு வைத்த மரப்பெட்டியில் ஆழத்தின் வரிசைப்படி அடுக்குவார். அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் இன்ஜினியர் எழுதுவார். அவசரப்பட்டு ஓட்டினால் நல்ல கல்லும் நொறுங்கிவிடும் என்பதால், உடைந்த கல் வந்தால் திட்டு அப்பாவுக்கு. வேண்டாமென்று ஒதுக்கிய பழைய உருளை ஒன்றை அம்மா அம்மிக் குழவியாக வைத்திருந்தாள். தட்டைக் கல் எந்த இடத்திலும் கிடைக்கும். குழவி மட்டும் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

நான் சொல்லப்போகும் துளையில் முப்பதடியில் முழுக்கல் வரவில்லை. செம்மஞ்சள் தூளும் சில்லுமாக வந்தது. அப்பா அதையும் பெட்டியில் அதன் இடத்தில் கொட்டிவைத்தார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்த இன்ஜினியரை வேலியருகே நிறுத்தி, கம்பி அழுத்தாமலே தானாக இறங்கியது, மேலே வரும் தண்ணீரின் நிறம் மாறியது, அங்கே கல்லே மக்கியிருக்கிறது என்று சொன்னார். இன்ஜினியர் தமிழர்தான். பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருப்பவர். கோபம் வந்தால் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

“கல்லு நல்லாத்தான்யா இருக்கும். நீ சும்னே அமுக்கி அமுக்கி உடைக்கற. போன துளைலயும் இதே கதை. நாளைக்குப் பெட்டியப் பாப்பேன். உடைஞ்ச கல்லு இருந்துச்சு, வேற ஆளப் போட்டுக்குவேன்.”

அப்பா அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “கோந்து வாங்கி ஒட்டிடலாமா மச்சான்?” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

காலையில் அப்பாவும் மாமாவும் டீசல் வாங்கப் போனார்கள். அம்மா டேங்கர் லாரியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் பெட்டியைத் திறந்து, நொறுங்கல் முழுவதையும் இரண்டு கைகளாலும் அள்ளிச் சேற்றுக் குழியில் போட்டேன். காலியான இடத்தில் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய உருளைகளை அடுக்கினேன். ஒரு சாண் குறைந்தது. அம்மாவின் குழவியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்ததும் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

அப்பா திரும்பி வரவும் இன்ஜினியர் வரவும் சரியாக இருந்தது. இன்ஜினியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“நோடு, பாரு, முழுசா எடுத்து வெச்சிருக்க. அப்புறம் எதுக்கு நேத்து கம்பி எறங்குச்சு, கலர் மாறுச்சுன்னு கதை விட்ட? ஆயித்து, வேலை முடிஞ்சுது. மூட்டையக் கட்டு” என்று பேனாவைத் திறந்தார்.

அப்பா பெட்டியையே பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது, தண்ணீரோடு திரும்பியிருந்த அம்மாவின் குரல் கொட்டகையிலிருந்து வந்தது. “ஏண்டி, குழவியக் காணோம். எங்கடி போட்ட?”

அப்பா குனிந்து ஒரு உருளையை எடுத்து முகர்ந்தார்.

“சார், இது இந்தத் துளைக் கல்லு இல்ல. எங்க வீட்டு அம்மிக் குழவி. இஞ்சி வாசம் அடிக்குது.”

இன்ஜினியரும் வாங்கி முகர்ந்து பார்த்தார். “யார் வெச்சது?”

அப்பாவின் கண்கள் என் கவுனுக்கு வந்தன. முன்பக்கமெல்லாம் செம்மஞ்சள் தூள். “நான்தான் சார்” என்றார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். இன்ஜினியர் கத்தியதில் “எனக்கே தொப்பி போட்டு ஏமாத்தறியா” என்பது மட்டும் காதில் விழுந்தது. மிச்சத்தை அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னாள். ஆறடி தள்ளி இன்னொரு துளை போட வேண்டும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முப்பதடியில் முழுக்கல் வந்தால் அப்பா உடைத்தது மெய், சொன்னது பொய். அப்படியே கிளம்பிவிட வேண்டியதுதான்.

முக்காலியை நகர்த்தினார்கள். மண் சீக்கிரம் முடிந்தது, பாறை முடியவில்லை. இன்ஜினியர் குடை பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அழுத்துகிறாரா என்று கையை மட்டும் பார்த்தார். அம்மா அன்று எதையும் அரைக்கவில்லை. ஊறுகாயோடு சாப்பிட்டோம். மறுநாள் மதியம் இருபத்தெட்டடி. வெளியே வரும் தண்ணீர் சாம்பல் நிறமாகவே இருந்தது. எனக்குப் பக்கத்தில் கோயில் எதுவும் தெரியாது. அதனால் இயந்திரத்தில் மாமா வைத்திருந்த குங்குமத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்: கல்லு முழுசா வரணும், முழுசா வரணும்.

தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல மாறியது. கம்பி தடுமாறி, சட்டென்று இறங்கியது. அப்பா பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். கம்பி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

குழாயை வெளியே இழுத்துச் சாக்கின்மேல் சாய்த்துச் சுத்தியலால் தட்டினார்கள். தூளும் சில்லும் பொலபொலவென்று கொட்டின. நான் அழத் தொடங்கினேன். அப்பா சிரித்தார். அத்தனை நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பிடி நொறுங்கலை அள்ளி, பொரி கொடுப்பதுபோல என் கையில் வைத்தார். “பாத்தியா பாப்பா” என்றார்.

உடைந்த கல்லுக்காக ஒருவர் ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இன்ஜினியர் பக்கத்தில்தான் குனிந்து நின்றிருந்தார். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பிடியை அவசர அவசரமாகக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டேன்.