போர்டு படிக்காமல் ஏறிய பேருந்து

தொண்ணூறுகளில், கோவையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க மலேசியாவிலிருந்து வந்தேன். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்ததால் எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. அறைத்தோழி ஏறும் பேருந்தில் நானும் ஏறிக்கொள்வேன்.

முதல் பருவத் தேர்வன்று அவளுக்குக் காய்ச்சல். காந்திபுரத்தில், வழக்கமான இடத்தில் நின்ற பேருந்தில் தனியாக ஏறிப் பாடத்தில் மூழ்கிவிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்டக்டர் என்னிடம் வந்தபோது, வெளியே சோளக்காடு தெரிந்தது. பல்கலைக்கழகத்துக்கு டிக்கெட் கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, இது அன்னூர் வண்டிங்க. போர்டு பாக்கலீங்களா?"

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க. இன்னிக்குப் பரீட்சை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, எதிரே வந்த கோவைப் பேருந்தைக் கைகாட்டி மறித்தார். "பரீட்சைக்குப் போற புள்ளைங்க. வெரசா கொண்டுபோய் உட்டுப்போடுங்க" என்று டிரைவரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். அதில் வந்த ஓர் அக்கா, காந்திபுரத்தில் என்னோடு இறங்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "அழுவாதீங்க கண்ணு, நல்லா எழுதிப்போடுவீங்க" என்றார்.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். நல்லவேளையாக உள்ளே விட்டார்கள், தேறியும் விட்டேன்.

அடுத்த விடுமுறையிலேயே அறைத்தோழியிடம் உண்மையைச் சொல்லி, 'அ'வில் தொடங்கினேன். இதை நானேதான் எழுதியிருக்கிறேன்; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது எந்த போர்டையும் வாசித்துவிடுவேன். ஆனாலும் ஏறும் முன், "இது எங்கீங்க போகுது?" என்று கூச்சப்படாமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.