கல்லல் ஸ்டேஷனில் இல்லாத குழந்தை

என் முதல் நாவல் வந்ததும் காரைக்குடியில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். அதில் ஒருவர் எழுந்து, "யாரையெல்லாம் படிச்சிட்டு எழுத வந்தீக?" என்று கேட்டார். "நெறையப் பேரை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பொய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த நாவல்களை எண்ணினால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். நான் படித்ததெல்லாம் பாதிப் புத்தகங்கள்.

அம்மா ஒரு ஆச்சி வீட்டில் பலகாரம் சுடும் வேலை பார்த்தாள். கல்யாண வீடுகளுக்கு அங்கிருந்துதான் தேன்குழலும் மனகோலமும் சீடையும் டின் டின்னாகப் போகும். பள்ளிக்கூடம் நின்றதும் நானும் அங்கே சீடை உருட்டப் போனேன். எண்ணெய் வடிய விரிப்பதற்கும் பொட்டலம் மடிப்பதற்கும் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாகப் புத்தகங்கள் வரும். பெரிய வீடுகளை ஒழிக்கும்போது வெளியே போட்டவை.

தாள் கிழிப்பது அம்மாவின் வேலை. அவளுக்கு எழுத்து தெரியாது. அட்டையில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் முகம் இருக்கும். "மொகம் இருக்குற பக்கத்துலருந்து கிழிக்கலாமா? பாவம்ல" என்று எப்போதும் பின்னாலிருந்துதான் கிழிப்பாள். அதனால் என் கைக்கு வந்த எந்தக் கதைக்கும் முடிவு இருக்காது. எல்லாம் சீடையோடு போயிருக்கும்.

மத்தியானத்தில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உருட்டுவார்கள். என்னை மட்டும் கையைக் கழுவிவிட்டு வாசிக்கச் சொல்வார்கள். ஒருநாள் கதை சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது தாள் தீர்ந்துவிட்டது.

"என்னத்தா நிறுத்திட்ட? அந்தப் பய வந்தானா, இல்லியா?" என்றார் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியம்மா. சொந்தமில்லை, பழக்கத்தில் அப்படிக் கூப்பிடுவேன்.

நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசிக்கிற அதே குரலில், அவன் வந்தான், ஆனால் அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது என்று அடித்துவிட்டேன். பெரியம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினார்.

"அழுதுக்கிட்டே உருட்டாத மதினி, சீடையில உப்புக் கூடிரும்" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் போகும் வழியில், "அவனுக்குக் கட்டி வச்சிருக்கலாம்ல, ஒனக்கென்ன கொறஞ்சிரும்?" என்று என்னைக் கேட்டாள்.

"புத்தகத்துல அப்பிடித்தாம்மா இருக்கு."

"கிழிச்சது நானு. எங்கிட்டயேவா?"

அப்படித்தான் நான் கதை எழுத வந்தேன். அதைக் கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது.

நாவலில் எல்லோரும் பேசுவது ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றித்தான். வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண் அங்கே போகாமல் கல்லல் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். நாள் முழுக்க ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். பிளாட்பாரத்தில் ஒரு குழந்தை அழுவதைப் பார்த்ததும் தன் மகள் நினைவு வந்து வீடு திரும்புகிறாள்.

அந்தப் பெண் அம்மா. மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது ஒரு தடவை அவளே சொன்னாள்.

"ஒனக்கு ஆறு வயசு இருக்கும். வேலைக்கிப் போறேன்னு கெளம்பி கல்லலுக்கு பஸ் ஏறிட்டேன். ரயிலடியில பொழுது சாயுற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். தூக்குவாளிச் சோத்தக்கூடத் தொறக்கல. திரும்பக் கூடாதுன்னுதான் போனேன்."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, வந்துட்டேன்."

அதற்குள் ஆச்சி, "எண்ணெ காஞ்சு பொகையுது, அங்குட்டு என்ன பேச்சு?" என்று சத்தம் போட, அம்மா எழுந்து போனாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஏன் போனாள், ஏன் வந்தாள் என்று கேட்க எத்தனையோ வருடம் இருந்தது. பக்கத்தில்தான் படுத்திருந்தாள். கேட்பதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. தாள் தீர்ந்த இடத்தில் என்ன செய்வேனோ அதையே அவளுக்கும் செய்தேன். குழந்தை அழுததும் தாய் திரும்பி வந்தாள் என்று முடிப்பதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அந்த மகள் நான்தானே.

புத்தகம் அச்சாகி வந்தபோது அம்மா படுக்கையில் இருந்தாள். சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்தது. புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாசி" என்றாள். தினமும் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். எட்டாம் அத்தியாயம் முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கேட்காமல் எடுத்து ஊருக்கே சொல்லிவிட்டாயே என்று திட்டுவாளோ, அழுவாளோ என்று தோன்றியது. ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குப் போனேன்.

கடைசிப் பக்கம் முடிந்தது. "அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தாம்மா."

"ஒண்ணையும் விடலியே?"

"இல்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் உயிரோடு இருந்தாள். இருபத்தோரு மத்தியானம். அந்த ஒரு அத்தியாயத்தை வாசிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியம்மா வந்தார். ஆட்கள் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்தக் கல்லல் கதைய ஒங்கம்மாவுக்கு எம் பேத்திதாண்டி வாசிச்சுக் காட்டுனா. நீ வீட்டுல இல்லாதப்ப, அந்த எடத்துக்கு நீ வர்றதுக்கு மின்னாடியே. ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு."

"கோவப்பட்டுச்சா பெரியம்மா?"

"கோவமா? சிரிச்சுச்சு. ‘எம்மக நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா அங்க புள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. நான் அதுக்காக வரல மதினி’ன்னுச்சு."

"வேற எதுக்கு வந்துச்சாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். ‘அவ வாசிச்சுக் காட்டுவால்ல, அப்ப அவகிட்டச் சொல்லிக்கிறேன்’னுச்சு. நீ கேட்டிருப்பன்னுல்ல நெனச்சேன். சொல்லலியா ஒங்கிட்ட?"

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டு என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாம் பதிப்பு போடுகிறார்களாம், திருத்தம் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். வேறு காரணம் எழுதிப் பார்த்தேன். கடைசி பஸ், கணவன், பசி என்று எதை எழுதினாலும் அம்மா சிரிப்பதுபோல இருந்தது. கடைசியில் குழந்தை வருகிற பத்தியை மட்டும் அடித்து அனுப்பிவிட்டேன்.

பதிப்பகத்துக்காரர் உடனே போன் பண்ணினார். "அந்தக் கொழந்தைய எடுத்துட்டா அவ ஏன் திரும்பி வரான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாதேம்மா?"

"எனக்கும் தெரியாது சார்" என்றேன்.